மீம் ஓவியம்: ட்ரேஸ் செய்தது எது, சொந்தமாக வரைந்தது எது? சட்டம் என்ன சொல்கிறது?

கோலார் தங்கவயலில், பாலகாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் முழுக்க ரயிலைப் பிடித்து பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டு இரவில் ஊர் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. டேப்லெட்டை எடுக்கிறீர்கள். யாரோ எடுத்து இணையத்தில் போட்ட சயனைடு மேட்டின் புகைப்படத்தை அடி லேயரில் வைத்து, லேசாக மங்கவைத்து, அதன் மேலேயே கோடு இழுக்கிறீர்கள். மேட்டின் உச்சியில் ஒரு வடிவேலு முகம். அதுவும் ஒரு சினிமா ஸ்டில்லின் மேல் இழுத்த கோடுதான். கீழே 'இங்கதான்பா தங்கம் இருந்துச்சாம்' என்று ஒரு வரி.

மாலைக்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் அந்த மீம் சுற்றுகிறது. ராத்திரி இன்ஸ்டாகிராமில் ஒரு மெசேஜ்: "செம டிசைன் ப்ரோ. 200 டி-ஷர்ட் போடலாமா? டிசைன் உங்களோடதுதானே?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் கடைசிக் கேள்வி கற்பனை இல்லை. மீம் வரைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அது வரும். அன்றைக்கு 'ஆமாம்' என்று சொல்லலாமா? சுலபமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் கலை, சட்டம், காசு மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ட்ரேஸ் என்றால் சரியாக என்ன?

ஏற்கெனவே இருக்கும் ஒரு படத்தை அடியில் வைத்து அதன் கோடுகளின் மேலேயே கோடு இழுப்பதுதான் ட்ரேஸ். பழைய காலத்தில் ட்ரேசிங் பேப்பர், ஜன்னல் கண்ணாடி, லைட் பாக்ஸ். இப்போது ப்ரோகிரியேட், ஐபிஸ் பெயின்ட், க்ரிட்டா போன்ற செயலிகளில் ஒரு லேயர் போதும். வெக்டர் மென்பொருட்களில் ஒரே பட்டனைத் தட்டினால் புகைப்படமே கோட்டோவியமாக மாறிவிடும்.

இதோடு மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, பார்த்து வரைவது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணால் அளந்து கையால் வரைகிறீர்கள். ட்ரேஸைவிட இதற்குத் திறமை அதிகம் வேண்டும். ஆனால் அச்சு அசலாக அதே படம் வந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அதுவும் நகல்தான். கை வழியாக வந்ததா, லேயர் வழியாக வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

இரண்டாவது, ரெஃபரன்ஸ். ஒரு சுரங்க லிஃப்ட் கோபுரம் எப்படி இருக்கும், கை மடங்கினால் சட்டை எங்கே சுருங்கும் என்று தெரிந்துகொள்ள நாலைந்து படங்களைப் பார்க்கிறீர்கள். பிறகு கோணம், வெளிச்சம், அமைப்பு எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். எந்த ஓவியரும் இதைச் செய்யாமல் இருப்பதில்லை. இது சொந்த ஓவியம்தான்.

மூன்றாவது, ஸ்டைல். ஒருவரின் பாணியில் வரைவது. பாணிக்கு யாரும் பட்டா போட முடியாது. காப்புரிமை என்பது குறிப்பிட்ட ஓர் ஓவியத்துக்குத்தான். 2025 மார்ச் மாதம் இணையம் முழுக்க ஜிப்லி பாணி படங்கள் நிரம்பி வழிந்தபோது எழுந்த விவாதத்திலும் இந்தக் கோடு முக்கியமாக இருந்தது.

ட்ரேஸ் பண்றது கேவலமா?

மீம் பக்கங்களில் 'ட்ரேஸ்' என்பது ஒரு திட்டு. 'இவன் வரையல, ட்ரேஸ் அடிச்சிருக்கான்' என்றால் ஆளை முடித்துவிட்ட மாதிரி. ஆனால் நம்மைச் சுற்றிப் பார்த்தால் ட்ரேஸ் இல்லாத கைத்தொழிலே குறைவு.

ஆரி வேலை செய்யும் அக்காக்களைப் பாருங்கள். டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் ஓட்டை போட்டு, ஜிங்க் பவுடரும் மண்ணெண்ணெயும் கலந்து மேலே தேய்ப்பார்கள். ஜாக்கெட் துணியில் பூ இறங்கிவிடும். அதற்கப்புறம் நடக்கும் ஊசி வேலைக்குத்தான் கூலி. சென்னையில் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள், ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றினார்கள். அதை யாரும் ஏமாற்று வேலை என்று சொன்னதில்லை. 'இது எம்.ஜி.ஆர். ஸ்டில்லைப் பார்த்து வரைந்தது' என்பது தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். படக் கம்பெனியே கொடுத்த ஸ்டில் அது.

இந்த இரண்டு உதாரணங்களிலும் இரண்டு விஷயங்கள் பொதுவாக இருக்கின்றன. எங்கிருந்து எடுத்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. வாங்குபவர் காசு கொடுப்பது மூல வரைபடத்துக்கு அல்ல, அதன் மேல் நடந்த வேலைக்கு.

கற்றுக்கொள்ளவும் ட்ரேஸ் நல்ல வழிதான். கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு தூரம், விரல் எந்த இடத்தில் மடங்குகிறது என்று கைக்குப் பழக்கம் வரும். வீட்டில் உட்கார்ந்து நூறு படம் ட்ரேஸ் செய்தாலும் யாரும் எதுவும் கேட்க முடியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டமே சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது.

அப்போ சிக்கல் எங்கே? 'நானே வரைந்தேன்' என்று சொல்லும் இடத்திலும், அதை வைத்துக் காசு பார்க்கும் இடத்திலும்தான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். மீம் வரைபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிகள் இவை.

பிரிவு 2(சி): ஓவியம், கோட்டுப்படம், புகைப்படம் எல்லாமே 'கலைப்படைப்பு'. அதில் கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை. ஒரு குச்சி மனிதனை நீங்கள் வரைந்தாலும், அது உங்களுடையதாக இருந்தால், அதற்கு உரிமை உண்டு.

பிரிவு 13: 'அசல்' படைப்புக்குத்தான் காப்புரிமை.

பிரிவு 14: அந்தப் படைப்பை எந்த வடிவத்திலும் மறுஉருவாக்கம் செய்வது, பிரதிகளை வெளியிடுவது, மக்களிடம் கொண்டுபோவது, தழுவி வேறொன்றாக மாற்றுவது எல்லாம் உரிமையாளருக்கு மட்டுமே. புகைப்படத்தைக் கோட்டோவியமாக மாற்றினால் 'வேற மீடியம்தானே' என்று தப்பிக்க முடியாததற்குக் காரணம் இந்தப் பிரிவுதான். சினிமாவைப் பொறுத்தவரை, அதில் வரும் ஒரு காட்சியைப் புகைப்படமாக எடுப்பதையும் படத்தின் நகலாகவே இந்தப் பிரிவு சேர்க்கிறது.

பிரிவு 57: காசு சம்பந்தப்படாத உரிமை. 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. உரிமையை வேறொருவருக்கு விற்ற பிறகும் இது அவரிடமே இருக்கும்.

பிரிவு 63: தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் காரணத்தைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. காசு வந்ததா இல்லையா என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே புரியும்.

உரிமை எத்தனை நாளைக்கு? படைத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 ஆண்டுகள். திரைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

ட்ரேஸ் செய்த படத்துக்கு எனக்கு உரிமை கிடைக்குமா?

'எவ்ளோ நேரம் உட்கார்ந்து பண்ணேன் தெரியுமா' என்பது பலரின் வாதம். துரதிர்ஷ்டவசமாக, உழைப்பு மட்டும் போதாது.

2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி.மோதக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வழக்கு ஓவியம் பற்றியது அல்ல, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுவது பற்றியது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: வெறும் உழைப்பும் செலவும் ஒரு படைப்பை 'அசல்' ஆக்கிவிடாது. குறைந்தபட்சமாவது படைப்பாற்றல் வேண்டும், சொந்த முடிவும் திறமையும் தெரிய வேண்டும்.

ட்ரேஸையே நேரடியாகத் தொடும் வழக்கு ஒன்று 1988-ல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. லெகோ பொம்மைகளின் வரைபடங்கள் தொடர்பான வழக்கு அது. நன்றாக நகலெடுக்க எவ்வளவு திறமையும் உழைப்பும் தேவைப்பட்டாலும், நகலெடுப்பதில் மட்டும் செலவான திறமை புதிய காப்புரிமையைத் தராது என்பது அதன் சாரம். கண்ணில் தெரியும்படியான, பொருட்படுத்தத்தக்க புதிய மாற்றம் ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, மாற்றம் செய்தால்? நீங்கள் சேர்த்த பகுதி உங்களுடையது. சயனைடு மேட்டின் அடியில் நீங்களாகவே வரைந்து சேர்த்த கிரிக்கெட் ஆடும் பையன்கள் உங்கள் சொத்து. ஆனால் அவர்களைச் சேர்த்ததால் மேட்டின் புகைப்படக்காரருடைய உரிமை மறைந்துவிடாது. இரண்டும் ஒரே படத்தில் அக்கம்பக்கமாக இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

'ஐடியா'வுக்கும் காப்புரிமை இருக்கிறதா?

இல்லை. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். தன் நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் எடுத்துவிட்டார்கள் என்று நாடக ஆசிரியர் வழக்குப் போட்டார். கருத்து, கரு, கதைச் சூழல் இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று நீதிமன்றம் சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்தது. இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகருக்கு 'இது அதோட காப்பி' என்ற எண்ணம் தெளிவாக வருகிறதா என்பதே அளவுகோல்.

மீமுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 'மூடிப்போன சுரங்கத்து மேல நின்னு ஒருத்தர் தங்கம் தேடுறார்' என்பது ஐடியா. அதை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் இன்னொருவர் அதை வரைந்த அதே கோணம், அதே நிற்கும் விதம், அதே நிழல் என்றால் அது ஐடியா இல்லை, அவருடைய வெளிப்பாடு.

'மீம்தானே, காமெடிக்குத்தானே' என்று சொல்லலாமா?

ஓரளவுக்கு. பிரிவு 52 சில 'நியாயமான பயன்பாடு'களை அனுமதிக்கிறது. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவை அதில் உண்டு. 'நையாண்டி' என்று தனியாக ஒரு விலக்கு நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. அரசியல் நையாண்டி மீம் ஒன்றை விமர்சனம் என்ற தலைப்பின் கீழ் வாதாடலாம். ஆனால் ஒரு செல்போன் கடை விளம்பரத்துக்குப் போட்ட மீமுக்கு அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

நடைமுறையில் சினிமாக்காரர்கள் மீம்களை ரசித்துவிட்டுப் போவதுதான் அதிகம். 2019 மே மாத இறுதியில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்' என்று கேட்டது. அதற்கு ஒருவர் போட்ட பதிலில் தொடங்கி, 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தின் கான்ட்ராக்டர் நேசமணி உலக டிரெண்டிங்கில் ஏறினார். படத்தின் காட்சிகள் விதவிதமான மீம்களாக மாறின. அது படத்துக்கும் வடிவேலுவுக்கும் புதுப் புகழையே தந்தது.

ஆனால் சகித்துக்கொள்வது வேறு, உரிமை கொடுப்பது வேறு. உரிமையாளர் எந்த நாளிலும் மனசு மாறலாம். நம் ஊர்ப் பெயரிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 நவம்பரில், 'கே.ஜி.எஃப்: சாப்டர் 2' பாடலை பாரத் ஜோடோ யாத்திரை வீடியோவில் பயன்படுத்தியதாக ஓர் இசை நிறுவனம் புகார் செய்தது. காங்கிரஸின் ட்விட்டர் கணக்குகளையே முடக்கும்படி பெங்களூரு நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. அந்தப் பதிவுகளை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. ஒரு தேசியக் கட்சிக்கே ஒரு ராத்திரி தூக்கம் போனது. இது பாட்டு தொடர்பான வழக்குதான். ஆனால் சட்டம் அதே சட்டம்.

நடிகரின் முகத்தை வரைந்தால்?

இங்கே இரண்டாவது உரிமை ஒன்று வருகிறது. புகைப்படம் எடுத்தவரின் காப்புரிமை ஒன்று. அந்த முகத்துக்குச் சொந்தக்காரரின் ஆளுமை உரிமை இன்னொன்று. 2015-ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 'மே ஹூன் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படத்தில் அவர் பெயர், உருவம், பாணியைப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2023-ல் அனில் கபூருக்கும் டெல்லி உயர் நீதிமன்றம் இதே போன்ற பாதுகாப்பு கொடுத்தது.

அதேசமயம் 2024 மே மாதம் ஜாக்கி ஷ்ராஃப் வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் போட்டுப் பொருள் விற்றவர்களுக்குத் தடை விதித்த டெல்லி உயர் நீதிமன்றம், அவருடைய பேட்டியை வைத்து வேடிக்கை வீடியோ செய்த ஒரு யூடியூபருக்கு எதிராக உடனடித் தடை தரவில்லை. மீம் கலாசாரமும் ஒரு படைப்பு வெளிப்பாடு என்ற கோணத்தில் அதைப் பார்த்தது.

பாடம் எளிது. சிரிக்கவைக்க வரைந்தால் ஒரு கண்ணோட்டம். டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றால் வேறு கண்ணோட்டம்.

உலகத்தில் மாட்டிக்கொண்டவர்கள்

ஒபாமாவின் 'ஹோப்' போஸ்டர்: 2008-ல் ஷெப்பர்ட் ஃபேரி வரைந்த இந்தப் போஸ்டர், 2006-ல் ஏ.பி. செய்தி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டது. வழக்கு 2011-ல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் தான் எந்தப் புகைப்படத்தைப் பயன்படுத்தினேன் என்பதை மறைக்க அவர் ஆதாரங்களை அழித்ததும், பொய் ஆவணங்களை உருவாக்கியதும் வெளியே வந்தது. 2012-ல் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 25,000 டாலர் அபராதமும் விழுந்தன. தண்டனை கிடைத்தது வரைந்ததற்காக அல்ல, மறைத்ததற்காக.

வார்ஹோல் வழக்கு: லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் ஒரு வரிசைப் படங்களை உருவாக்கினார். 1984-ல் ஒரே ஒரு முறை பயன்படுத்தத்தான் புகைப்படக்காரருக்கு 400 டாலர் கொடுக்கப்பட்டிருந்தது. 2016-ல் அதே வரிசையின் வேறொரு படத்தைப் பத்திரிகை நிறுவனம் 10,000 டாலருக்கு வார்ஹோல் அறக்கட்டளையிடமிருந்து வாங்கி அட்டையில் போட்டது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் வரவில்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. புகைப்படமும் ஓவியமும் ஒரே வேலைக்கு, அதாவது பத்திரிகையில் பிரின்ஸின் படமாக, விற்கப்பட்டதுதான் முடிவுக்குக் காரணம். வார்ஹோலுக்கே அந்தக் கதி.

ஜப்பான் மங்கா: 2005-ல் யூகி சுயேட்சுகுவின் மங்காவில் வரும் காட்சிகள், 'ஸ்லாம் டங்க்' உள்ளிட்ட படைப்புகளின் கோடுகளோடு ஒத்துப்போவதை வாசகர்களே ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டார். பதிப்பகம் அவருடைய புத்தகங்களின் விற்பனையை நிறுத்தியது. கதை அதோடு முடியவில்லை. அவர் திரும்பி வந்து 'சிஹாயாஃபுரு' தொடரைத் தொடங்கினார். அது 2009-ல் மங்கா டைஷோ விருது வாங்கியது. ஒரு தப்போடு கை முடங்கிவிடத் தேவையில்லை.

பெப்பே தவளை: மேட் ஃப்யூரி 2005-ல் ஒரு காமிக்ஸுக்காக வரைந்த தவளை உலகின் மிகப் பெரிய மீம்களில் ஒன்றானது. அனுமதி இல்லாமல் அதைப் போஸ்டரில் போட்டு விற்ற அமெரிக்க இணையதளம் ஒன்று 2019-ல் 15,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கோடிப் பேர் பகிர்ந்துவிட்டதால் ஒரு படம் 'எல்லோருக்கும் சொந்தம்' ஆகிவிடாது.

என் ஓவியத்தை யாராவது ட்ரேஸ் செய்தால்?

இதன் மறுபக்கமும் உங்களுடையதுதான். முதலில் ஆதாரம். லேயர்கள் உள்ள மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பல செயலிகள் வரையும்போதே டைம்லாப்ஸ் வீடியோவைப் பதிவு செய்யும், அதை வைத்திருங்கள். முதல் கிறுக்கலைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. வரைந்த கணமே உரிமை வந்துவிடும். ஆனால் பதிவு இருந்தால் நிரூபிப்பது சுலபம்.

அடுத்து, அவர் படத்தையும் உங்கள் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். ட்ரேஸ் செய்பவர்கள் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது வழக்கம். அதையும் செய்து பாருங்கள். ஒரு கோடு ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம். நீங்கள் செய்த தப்பும் சேர்ந்து ஒத்துப்போனால், உதாரணமாக ஆறாவது விரல், அதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

பிறகு புகார். பிரிவு 52(1)(சி), 2013-ம் ஆண்டு காப்புரிமை விதிகளின் 75-வது விதி ஆகியவற்றின்படி, எழுத்துப்பூர்வமாகச் சரியான புகார் கொடுத்தால் அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை அணுகவிடாமல் நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் அது திரும்ப வந்துவிடலாம். ஆனால் முதல் வேலையாக ஆளை ஊர் கூட்டித் திட்டாதீர்கள். தனியாக ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

கம்பெனிக்கு வரைந்து கொடுக்கும்போது?

வேலைக்குப் போகும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஏஜென்சியில் சம்பளத்துக்கு வேலை செய்து, அந்த வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை பொதுவாகக் கம்பெனிக்கு. ஃப்ரீலான்ஸராக வரைந்தால், உங்களிடம் இருக்கும் உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டு என்று அதில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். 'இது முழுக்க என் சொந்தப் படைப்பு' என்று உறுதி கொடுக்கும் வரி ஒன்று. 'வழக்கு வந்தால் நஷ்டத்தை நானே ஏற்பேன்' என்ற வரி இன்னொன்று. 3,000 ரூபாய்க்கு வரைந்த படத்துக்கு லட்சங்களில் பொறுப்பை ஏற்கிறீர்கள் என்று அர்த்தம். ட்ரேஸ் செய்த படத்தோடு அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போஸ்ட் பண்ணும் முன் நான்கு கேள்விகள்

1. அடியில் இருக்கும் படம் யாருடையது? என்னுடையதா, அனுமதி வாங்கியதா, உரிமைக்காலம் முடிந்ததா?

2. என் கோடுகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அந்தப் பழைய படம் அப்படியே மிஞ்சினால் அது ட்ரேஸ்.

3. இதில் காசு இருக்கிறதா? அச்சு, விற்பனை, விளம்பரம், கமிஷன் என்றால் அனுமதி இல்லாமல் நகராதீர்கள்.

4. எங்கிருந்து எடுத்தேன் என்பதைத் தலைப்பிலேயே சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தயக்கமே பதில்.

ஒன்றைக் கவனியுங்கள். 'நன்றி: இன்னார்' என்று போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதிக்குப் பதில் ஆகாது. 'கூகுளில் கிடைத்தது' என்பது நன்றியும் ஆகாது, அனுமதியும் ஆகாது.

அப்படின்னா அந்த 200 டி-ஷர்ட்?

இப்போது இருக்கிற மாதிரியே கொடுத்தால் சிக்கல். முகம், புகைப்படம் இரண்டும் உங்களுடையது இல்லை. ஆனால் ஆர்டரை விடவும் வேண்டாம்.

சயனைடு மேடு எங்கேயும் ஓடிப் போகாது. 120 ஆண்டுக்கு மேல் சுரங்கம் ஓடி, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகும் அது அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு உங்கள் செல்போனிலேயே நாலு கோணத்தில் படம் எடுங்கள். உங்கள் புகைப்படத்தை நீங்களே ட்ரேஸ் செய்தால் கேட்க ஆளில்லை. கட்டடங்களைப் பார்த்து வரையவும் பிரிவு 52 வெளிப்படையாக அனுமதி தருகிறது. 1950-க்கு முன்பே இந்தியாவில் வெளியான பழைய சுரங்கப் புகைப்படங்களுக்கு இங்கே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. தேதியை உறுதி செய்துகொண்டு அவற்றையும் பயன்படுத்தலாம். வடிவேலு முகத்துக்குப் பதில் உங்கள் தெருவில் உள்ள ஒரு தாத்தாவின் முகம், அவர் சம்மதத்தோடு. ஜோக் உங்களுடையது, அது அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு தகவல். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், பொறியியல் அலுவலகங்களில் 'ட்ரேசர்' என்று ஒரு தனி வேலையே இருந்தது. சர்வேயரும் டிராஃப்ட்ஸ்மேனும் வரைந்ததை ட்ரேசிங் துணியில் பிசகாமல் ஏற்றுவது அவருடைய பொறுப்பு. அந்தக் கால வரைபடங்களின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைந்தவர், ட்ரேஸ் செய்தவர், சரிபார்த்தவர் என்று தனித்தனி இடம். ட்ரேஸ் செய்தவர் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வரைந்தவரின் கட்டத்தில் போடவில்லை.

உங்கள் மீமின் மூலையிலும் அந்த இரண்டு கட்டத்துக்கு இடம் இருக்கிறது.